வியன்னா என்றால் அரண்மனை மட்டும்தானா? பலரும் தவறவிடும் 5 வரலாற்று இடங்கள்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குப் போகிறவர்கள் லிஸ்ட்டில் முதலில் இருப்பது ஷான்ப்ரூன் அரண்மனை. 1,441 அறைகள் கொண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் கோடை மாளிகை அது. அடுத்து ஓபரா ஹவுஸ், ஒரு துண்டு சாக்லேட் கேக், நாலு செல்ஃபி... டூர் முடிந்துவிடும். ஆனால், வியன்னாவில் அரசர்கள் மட்டுமா வாழ்ந்தார்கள்? மற்றவர்களை இந்த நகரம் எப்படி நடத்தியது? அதைச் சொல்லும் 5 இடங்கள் இவை.

1. நாரன்டுர்ம்: வட்டக் கோபுரம்

பழைய பொது மருத்துவமனை வளாகத்துக்குள் நிற்கும் ஐந்து மாடி வட்டக் கட்டடம். மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் கட்டியது. பெயருக்கு அர்த்தமே 'பைத்தியக்காரர் கோபுரம்'தான். நடுவில் குழியுள்ள கேக் போல இருப்பதால், உள்ளூர்க்காரர்கள் 'குகல்ஹுஃப்' என்று அந்த கேக்கின் பெயரையே வைத்துக் கிண்டலடித்தார்கள். மனநோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை என்பது அந்தக் காலத்தில் புதுமை. ஆனால் குறுகிய அறைகள், சிறிய ஜன்னல்கள் என்று உள்ளே போனால் சிறைச்சாலை ஃபீல்தான் வரும். இப்போது நோய்க்கூறியல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. உடல் உறுப்பு மாதிரிகள் நிறைய இருக்கும், மனதைத் திடப்படுத்திக்கொண்டு போங்க.

2. கார்ல் மார்க்ஸ் ஹோஃப்: தொழிலாளர்களின் அரண்மனை

யு-4 மெட்ரோவில் ஏறி கடைசி ஸ்டேஷனான ஹைலிகன்ஸ்டாட்டில் இறங்கினால், எதிரிலேயே இருக்கிறது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். 1930-ல் திறக்கப்பட்டபோது 1,382 வீடுகள். கூடவே பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம்!

முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னாவில் வீட்டுப் பஞ்சம். அப்போது நகராட்சியைப் பிடித்த சமூக ஜனநாயகக் கட்சி, வசதியானவர்களின் பெரிய வீடுகள், ஆடம்பரச் செலவுகள் மீது அதிக வரி போட்டு, அந்தப் பணத்தில் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1934 பிப்ரவரியில் உள்நாட்டு மோதல் வெடித்தபோது, அரசுப் படைகள் இந்தக் குடியிருப்பின் மீதே பீரங்கியால் சுட்டன. இன்றும் இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், அதனால் சத்தமில்லாமல் சுற்றிப் பார்ப்பது நல்லது.

3. யூடன்பிளாட்ஸ்: திறக்க முடியாத நூலகம்

ஸ்டீபன் தேவாலயத்திலிருந்து நடந்தே போகலாம். சதுக்கத்தின் நடுவே கான்கிரீட்டில் ஒரு நூலகம். கதவுக்குக் கைப்பிடி இல்லை. புத்தகங்களின் தலைப்புகள் தெரியாதபடி திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. நாஜிகளால் கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களுக்காக, பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் வடிவமைத்து 2000-ல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் இது.

அதன் கீழே, 1421-ல் அழிக்கப்பட்ட யூத வழிபாட்டுக்கூடத்தின் அடித்தளம் இருக்கிறது. அதே சதுக்கத்தில் 2-ம் எண் வீட்டுச் சுவரைப் பாருங்கள். அன்றைய படுகொலையை ஒரு 'சுத்திகரிப்பு' என்று புகழும் பழைய லத்தீன் கல்வெட்டு இப்போதும் அங்கேயே இருக்கிறது. அதை அகற்றாமல், 1998-ல் கத்தோலிக்கத் திருச்சபை சார்பில் அருகிலேயே வருத்தம் தெரிவிக்கும் பலகை ஒன்று வைக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

4. ஃப்ளாக் கோபுரங்கள்: இடிக்க முடியாத கான்கிரீட்

இரண்டாம் உலகப் போரில் விமானங்களைச் சுட நாஜிகள் எழுப்பியவை. கட்டாயத் தொழிலாளர்களை வைத்துக் கட்டினார்கள். நகரத்துக்குள் மொத்தம் ஆறு. மீட்டர் கணக்கில் கனமான சுவர்கள் என்பதால், வெடி வைத்தால் சுற்றியுள்ள வீடுகளுக்கும் ஆபத்து. அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். அவுகார்டன் பூங்காவில் ஒரு ஜோடியைப் பார்க்கலாம். எஸ்டர்ஹாசி பூங்காவில் உள்ளது இப்போது மீன் காட்சியகம். குண்டுக்குப் பயந்து மக்கள் ஒதுங்கிய இடத்தில் இன்று சுறா நீந்துகிறது.

5. பெயரற்றோர் கல்லறை

'பிஃபோர் சன்ரைஸ்' படம் பார்த்தவர்களுக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கும். நகரின் ஓரத்தில், அல்பர்ன் துறைமுகம் பக்கம் இருக்கிறது. டான்யூப் நதி இந்த இடத்தில் கரை ஒதுக்கிய உடல்களை 1840 முதல் 1940 வரை இங்கே புதைத்தார்கள். பலர் யாரென்றே தெரியவில்லை. இரும்புச் சிலுவைகளில் 'பெயரற்றவர்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அப்படியும் இது கைவிடப்பட்ட இடமல்ல. ஆண்டுதோறும் நவம்பரில், கல்லறைத் திருநாளையொட்டி மீனவர்கள் மலர்வளையம் வைத்த ஒரு தெப்பத்தை நதியில் விடுகிறார்கள்.

எப்படி பிளான் பண்ணலாம்?

நாரன்டுர்ம் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறந்திருக்கும், கிளம்பும் முன் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்கள், மீன் காட்சியகம் தவிர மற்றவற்றை வெளியிலிருந்து பார்க்க டிக்கெட் தேவையில்லை. கல்லறைக்குப் போய்வர அரை நாள் ஒதுக்குங்கள். ஷான்ப்ரூனையும் விட வேண்டாம். 1,441 அறைகளில் ஒரு குடும்பம் வாழ்ந்ததைப் பார்த்துவிட்டு, அதே யு-4 ரயிலில் 1,382 குடும்பங்களுக்காகக் கட்டிய இடத்துக்குப் போங்கள். வியன்னா அப்போதுதான் முழுசாகப் புரியும்.