பாட்டன் பட்டினி கிடந்தான். பேரன் மீன் பிடிக்கிறான்!

அமெரிக்காவில் 3 கோடிக்கும் அதிகமானவர்கள், தங்கள் பூர்வீகம் அயர்லாந்து என்கிறார்கள். கோடை வந்தால் அவர்களில் பலர் குடும்பத்தோடு விமானம் ஏறுகிறார்கள். எதற்கு? முன்னோர் பிறந்த கிராமத்தைப் பார்க்க! கூடவே, ஷானன் நதியில் படகு ஓட்டவும் தூண்டில் போடவும்!

ஷானன், அயர்லாந்தின் மிக நீளமான நதி. நீளம் 360 கிலோ மீட்டர்.

கொடிய பஞ்சம்

1845-ம் ஆண்டு அந்த நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. கிழங்கு அழுகியது, பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார்கள்.

ஆற்றில் மீன் இல்லையா? இருந்தது! ஆனால், மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. ஏழை பிடித்தால் தண்டனை!

ஊர் எது?

பயணம் புறப்படும் முன் ஒன்று தெரிய வேண்டும். பாட்டனாரின் ஊர் எது?

1922-ல் டப்ளின் நகரில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசு ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

ஆனால், மாதா கோவில்களில் இருந்த ஞானஸ்நானப் பதிவேடுகள் பல தப்பின. கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இண்டர்நெட்டில் வெளியிட்டது. காசு இல்லாமல் பார்க்கலாம். 1901, 1911-ம் ஆண்டுக் குடிக்கணக்குகளும் அப்படியே. வீட்டில் இருந்தபடியே ஊரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படகே வீடு

காரிக்-ஆன்-ஷானன் என்ற ஊரில் படகு வாடகைக்குக் கிடைக்கும். படுக்கை, சமையல் அறை எல்லாம் உள்ளேயே உண்டு. ஓட்ட லைசென்சு வேண்டாம். புறப்படும் முன் கற்றுத் தருகிறார்கள். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் படகின் மேல்தளத்தில் மிதவைச் சட்டை அணிவது கட்டாயம்.

சால்மன் மீன் பிடிக்க லைசென்சு வேண்டும். 'பைக்' என்னும் கூரிய பல் மீனுக்கு வேண்டாம். ஆனால், ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் 50 சென்டி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெரிய மீன் சிக்கினால் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்! உயிர் மீனை இரையாகக் கோர்ப்பதும் குற்றம்.

1,490 பேர் நடந்தார்கள்

ஒரு நாள் படகைத் துறையில் கட்டிவிட்டு, காரில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் போகலாம். ராஸ்காமன் ஜில்லாவில் உள்ள ஊர் அது. அங்கே நிலப்பிரபு ஒருவரின் மாளிகை வளாகத்தில் பஞ்சக் காட்சிசாலை இருக்கிறது. 1847-ல் அவருடைய குடிகள் 1,490 பேர், டப்ளின் வரை சுமார் 165 கிலோ மீட்டர் நடந்தே போய்க் கப்பல் ஏறினார்கள். அந்த வழி இன்று நடைபாதையாக இருக்கிறது. பிள்ளைகளோடு கொஞ்ச தூரமாவது நடக்கலாம்.

தூண்டிலில் மீன் சிக்காமல் போகலாம். ஊரின் பெயர் தெரிந்து போனால், பயணம் வீண் போகாது!