தேவையற்ற முடியும் தேவையான தெளிவும்

(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி)

தலையில் வளர்ந்தால் கூந்தல் என்கிறோம். எண்ணெய் தடவிப் பூச்சூடி மகிழ்கிறோம். அதே முடி ஒரு பெண்ணின் மேலுதட்டிலும் மோவாயிலும் நான்கு இழை நீண்டுவிட்டால், ஊர் அவளுக்குப் பட்டப்பெயர் சூட்டி மகிழ்கிறது! பதினாறாம் வயதில் எனக்கும் அப்படியொரு பெயர் கிடைத்தது. இக்கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் மோவாயைக் கையால் மூடிக்கொண்டே கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். ஆழ்ந்த சிந்தனை என்று விரிவுரையாளர்கள் எண்ணியிருக்கக் கூடும்.

இதையெல்லாம் ஆண்டு மலரில் எழுதலாமா என்று தோழியர் கேட்டனர். எழுதாமலும் கேட்காமலும் மறைத்ததால் நான் பட்ட பாடு போதும் என்பதே என் பதில்.

கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்தேன். ஐந்து நிமிடம் வைத்துக் கழுவச் சொல்லி அட்டையில் அச்சிட்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் உதிர்வது இருபது நிமிடம் வைத்தால் வேரோடு போய்விடாதா என்று கணக்குப் போட்டேன். போனது முடியல்ல, தோல். மோவாய் சிவந்து கொப்பளித்தது. பத்தே நாளில் முடி திரும்பி வந்துவிட்டது. கறுத்த தழும்போ மூன்று மாதம் வரை மறையவில்லை.

அதன் காரணத்தை எனக்கு முதலில் விளக்கியவர் பேராசிரியர் அல்லர், என் தந்தை. வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். "நாங்க தோலைச் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஊற வெக்கிறதும் முடியைக் கழட்டத்தானேம்மா. கணக்குக்கு மேல ஊறினா தோலே உப்பிப் போயிடும். அதையா மூஞ்சில பூசிக்கிட்டே?" என்றார். களிம்பில் உள்ளது சல்பைடு அன்று, தயோகிளைகோலேட் என்னும் உப்பு. ஆயினும் வேலை ஒன்றுதான். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தக அணுக்களின் இணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. காரத்தன்மை மிகுந்த, ஏறக்குறைய 12 பி.எச். அளவுள்ள அந்தக் களிம்பு இணைப்புகளை அறுத்து முடியைக் கூழாக்குகிறது. நம் மேல்தோலும் அதே கெரட்டினால் ஆனதுதானே! முடி கரைந்தபின் களிம்பு தோலைத் தேடிப் போகிறது. ஐந்து நிமிடம் என்று அட்டையில் போட்டிருந்ததன் பொருள் இதுவே.

அன்றிலிருந்து எந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இது முடியின் எந்தப் பகுதியைத் தொடுகிறது? தோலுக்கு வெளியே தெரியும் தண்டு உயிரற்றது. உயிர் இருப்பது தோலுக்குள், மயிர்க்காலின் அடியில். சவரமும் களிம்பும் தண்டோடு நிற்பவை. நூல் கட்டி எடுப்பதும் மெழுகு இட்டு இழுப்பதும் முடியை அடியோடு பிடுங்குகின்றன. ஆனால் மயிர்க்கால் அங்கேயே இருப்பதால் சில வாரங்களில் புது முடி புறப்படுகிறது. சிலருக்கு அது வெளியே வர வழியின்றித் தோலுக்குள்ளேயே சுருண்டு சீழ்க்கட்டியாவதும் உண்டு.

சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928-ஆம் ஆண்டிலேயே இதை அளந்து பார்த்து, சவரத்தால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று வெளியிட்டார். உயிரற்ற தண்டை வெட்டிய செய்தி அடியில் உள்ள மயிர்க்காலுக்கு எப்படித் தெரியும்? இயல்பாக வளரும் முடியின் நுனி கூர்மையாக இருக்கும். வெட்டிய முடியின் நுனி மொட்டை. அதனால்தான் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது.

மயிர்க்காலையே அழிக்கும் ஆசை பழையது. 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிச்செல், கண்ணுக்குள் குத்தும் இமைமுடியை, மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்தி ஒழித்ததை வெளியிட்டார். அந்த முறை இன்றும் உண்டு. ஒவ்வொரு முடியாகச் செய்வதால் பொறுமை வேண்டும். அடுத்து எக்ஸ் கதிர் வந்தது. 1896-இல் வியன்னாவில் லியோபோல்டு ஃபிராய்ண்டு அதைக் கொண்டு ஒரு சிறுமியின் முதுகில் இருந்த ரோமத்தை உதிர்த்தார். 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்களில் பெண்கள் அக்கதிரின் முன் முகத்தைக் காட்டி உட்கார்ந்தனர். வலியில்லை, முடியும் உதிர்ந்தது. ஆண்டுகள் கழித்துப் பலருக்குத் தோல் சுருங்கிப் புண்ணாகி, புற்றுநோயும் வந்தது. என் இருபது நிமிடக் கணக்கை விடப் பெரிய கணக்குப் பிழை!

இன்று லேசர் உண்டு. அதன் ஒளியை முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி உறிஞ்சிச் சூடாகி மயிர்க்காலைச் சுடுகிறது. நரைமுடியிடம் அது தோற்றுப்போவது இதனால்தான். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நிறமி தோலிலும் இருப்பதால் தோலும் சுடப்படலாம். ஆகவே கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்ற நீண்ட அலை கொண்ட லேசரே பாதுகாப்பானது. கருவி எது என்று கேட்காமல் முகத்தைக் கொடுக்கலாகாது. வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே அதற்கு மசியும் என்பதால் பலமுறை போக வேண்டும். சிலருக்கு முகத்தில் முடி கூடுதலாக வளர்ந்துவிடுவதும் பதிவாகியிருக்கிறது.

லேசருக்குச் சீட்டு வாங்கத்தான் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா என் மோவாயைப் பார்த்துவிட்டு, "மாதவிலக்கு ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றேன். இரத்தமும் ஸ்கேனும் பார்த்தார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் பி.சி.ஓ.எஸ். எனக்கு இருந்தது. ஆண்மைக்குரிய ஹார்மோன் சற்று மிகுவதால் வந்த முடி அது. நான்கு ஆண்டுகள் நான் அழித்துக் கொண்டிருந்தது நோயின் அறிகுறியை! அது அடங்காமல் லேசருக்குப் போனால் மறுபடி முளைக்கும் என்று சொல்லி, மாத்திரையும் நடைப்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். முடியின் சுழற்சி நீண்டது; ஆறு மாதமாவது பொறு என்றார்.

"அதுவரைக்கும் என்ன செய்யறதும்மா?" என்று கேட்டேன்.

"சவரம் செய். தோலுக்குக் குறைந்த தொல்லை அதுதான்."

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா வாயில் கை வைத்தார். களிம்பைக் கண்டோ லேசரைக் கண்டோ அஞ்சாதவர் ரேசரைக் கண்டு அஞ்சினார்! பெண் சவரம் செய்துகொள்வதா? டிராட்டர் அம்மையாரை நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அப்பாதான் மறுநாள் புது ரேசர் ஒன்று வாங்கி வந்து, "என்னுதைத் தொடாதே, இது உன்னுது" என்று கண்ணாடி மாடத்தில் வைத்தார். ஒருவர் கத்தியை இன்னொருவர் பயன்படுத்தினால் இரத்தத்தின் வழியே நோய் பரவலாம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏழு மாதம் ஆகிறது. முடி முழுவதும் போய்விடவில்லை. வாரம் இருமுறை, முகத்தை நனைத்து, முடி சாய்ந்த திசையிலேயே மெல்ல வழிக்கிறேன். இரண்டு நிமிட வேலை. இந்தப் பருவத்தில் கரிம வேதியியல் வகுப்பில் இரண்டாம் வரிசைக்கு வந்திருக்கிறேன்.