பாட்டி போட்ட பொரியும் பச்சைத் தண்ணீரும்

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் திருவண்ணாமலைக்காரர்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இராது. 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் தீபத்தை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம் என்றால், ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குக்கூட உறவு நினைவுக்கு வந்துவிடும் அல்லவா?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் அப்படித்தான். கூடத்தில் தெற்குப் பார்த்த ஜன்னலோரம் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் நான்கு தங்க மீன்கள், பேரனின் பிறந்த நாளுக்கு வாங்கியவை. வந்த குழந்தைகளெல்லாம் ஆளுக்கொரு கைப்பிடி தீனி போட்டார்கள். தீபம் முடிந்து ஊர் காலியாயிற்று. ஒரு வாரத்தில் தொட்டித் தண்ணீர் பச்சைப் பயறு வேக வைத்த நீர் போல ஆகிவிட்டது. மீன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

விடியற்காலையில் எழுந்து கோலம் போட வந்த பாட்டியின் கண்ணில் ஒரு காட்சி பட்டது. நான்கு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஐயோ பாவம், பசிக்கிறது போலிருக்கு!" என்று பாட்டி ஒரு பிடி பொரியைத் தூவினாள். மறுநாளும் அப்படியே. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடிக்கொண்ட கை அல்லவா!

அது பசி அல்ல, மூச்சுத் திணறல். தண்ணீரைப் பச்சையாக்கியது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பாசி. கோடிக்கணக்கில் மிதக்கும் இந்தப் பாசி பகலில் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ, நம்மைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும். தண்ணீரிலுள்ள பிராணவாயு மிகவும் குறைந்துபோவது விடிகாலையில்தான். அந்த நேரத்தில் போட்ட பொரியும் ஊறி அழுகினால், மிச்சமிருப்பதையும் அது தின்றுவிடும். உங்கள் வீட்டு மீன் விடிகாலையில் மேலே வந்து வாயைப் பிளந்தால், தீனி டப்பாவைத் தொடாதீர்கள். காற்றுக் குமிழி விடும் பம்பை ஓட விடுங்கள்.

பாசி ஏன் வந்தது? வெளிச்சமும் எருவும் சேர்ந்தால் பாசி வரும், அவ்வளவுதான். எரு என்பது மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும். வெளிச்சத்தில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆனி, ஆடியில் நம் ஊரில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே இருப்பதால் தெற்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்காது. கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் அதே ஜன்னல் வழியாக வெயில் நேரே கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் பளிங்காயிருந்த தொட்டி திடீரென்று பச்சையானால், தொட்டியைச் சந்தேகிக்குமுன் ஜன்னலைப் பாருங்கள். வெயில் காலத்துக் கோயில் குளத்துக்குப் பச்சை பூசுகிறதும் இதே சூரியன்தான்.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியை அடியோடு காலி செய்தார். கல், மணல், பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீன்களை விட்டார். சாயந்திரத்துக்குள் இரண்டு மீன்கள் மிதந்தன. பையன் அன்று சாப்பிடவில்லை.

நமக்கு நோய் வராமல் காக்கும் குளோரின், மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். தண்ணீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும். அவசரமானால் மீன் கடையில் இதற்கென்றே விற்கும் சொட்டு மருந்து இருக்கிறது. இன்னொரு தப்பு, பஞ்சைக் குழாயில் கழுவியது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை மாற்றிக் கொடுக்கும் நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அதை அலசிப் பிழிய வேண்டும். கிருமிகளையும் விரட்டிவிட்டதால், பத்தே நாளில் தண்ணீர் மறுபடி பச்சை!

இப்போது பாட்டி தேற்றான்கொட்டையை எடுத்து வந்தாள். ஆற்று நீரின் சேற்றுக் கலங்கலை அது தெளிய வைக்கும், சந்தேகமில்லை. ஆனால் சேறு பெருகாது, பாசி பெருகும். இன்றைக்குத் தெளிந்தாலும் வெயிலும் தீனியும் இருக்கும் வரை நாளைக்கு வந்துவிடும். யாரோ மயில்துத்தம் போடச் சொன்னார்கள். நல்ல வேளை, போடவில்லை. சின்னத் தொட்டியில் அது மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

பலித்தது ஒரு பழைய கறுப்புக் கம்பளிதான். முதலில் கால் பங்கு தண்ணீரை மாற்றினார்கள். பிறகு தொட்டியை நாலு நாள் வெளிச்சம் துளியும் புகாமல் மூடினார்கள். பம்ப் மட்டும் இரவு பகல் ஓடியது. இது மிக முக்கியம், செத்த பாசி அழுகும்போதும் பிராணவாயு குறையும். தீனி கிடையாது. வளர்ந்த, ஆரோக்கியமான மீன் நாலு நாள் பட்டினியைத் தாங்கும். பாட்டிதான் தாங்கவில்லை! ஐந்தாம் நாள் கம்பளியை எடுத்து, இன்னொரு கால் பங்கு தண்ணீரை மாற்றியதும், எதிர்ச் சுவர் தெரிந்தது.

எடுத்த பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். துளசிக்கும் மல்லிகைக்கும் அருமையான உரம். மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்கு இரையாகும் நீர்ப்பூச்சிகளை வளர்க்க இதே பச்சை நீரை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள் என்றால் பாருங்களேன்.

திரும்ப வராமலிருக்கத் தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்குமளவே தீனி. வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை வளர்த்தால் எருவை அவை எடுத்துக்கொண்டு பாசியைப் பட்டினி போடும். ஆனால் தங்க மீன் செடியை மென்றுவிடும், அடிக்கடி புதிது வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவது வழக்கமாகட்டும்.

கடைக்காரர் "தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்" என்று கறுப்பாக ஒன்றைக் காட்டுவார். கண்ணாடியில் ஒட்டிய பாசியை அது சுரண்டும். தண்ணீரில் மிதக்கும் பாசியை ஒன்றும் செய்யாது. வளர்ந்தால் ஓரடிக்கு மேல் போகும். அப்புறம் மனசு கேட்காமல் அதைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டு வருகிறார்கள். தயவு செய்து வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறது.

ஒரு சமாசாரம் சொல்ல மறந்தேனே. கடல் உயிர்களை ஆராய்வதற்காக 1832-ல் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி செய்தவர் ஒரு பெண். ஜான் வில்ப்ரு பவர் என்ற பிரெஞ்சுக்காரர். அதற்குமுன் பாரிஸில் இளவரசிக்குக் கல்யாண உடுப்புத் தைத்துக் கொடுத்த தையற்காரி அவர்!

அந்தத் திருவண்ணாமலை வீட்டில் தொட்டி இப்போது பூஜை அறைச் சுவரோரம் இருக்கிறது. மிஞ்சிய இரண்டு மீன்களும் சௌக்கியம். தீனி டப்பா மட்டும் பாட்டிக்கு எட்டாத பரண் மேல்.