காட்டு ஓரம் காட்டேஜ் கட்டுவது எப்படி? யானை பாதையை மறித்தால் 'சீல்' தான்!

மசினகுடி:

ஜன்னலைத் திறந்தால் மலை. வாசலில் மான். ராத்திரி ஆனால் கேம்ப் ஃபயர். இந்த ஆசையில்தான் சென்னையில் இருந்தும் பெங்களூருவில் இருந்தும் குடும்பம் குடும்பமாக நீலகிரி மாவட்டம் மசினகுடிக்கு வண்டி ஏறுகிறார்கள். சும்மா கிடக்கிற தோட்டத்துல நாலு காட்டேஜ் போட்டா காசு கொட்டும் என்று இறங்கியவர்களும் ஏராளம்.

அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021 ஜனவரியில் நாடே பார்த்தது. மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானை மீது, எரியும் டயரை வீசினார்கள். தீப்பிடித்த காதோடு பிளிறியபடி அது இருட்டுக்குள் ஓடிய வீடியோ பார்த்தவர்களைப் பதற வைத்தது. தெப்பக்காடு முகாமுக்கு சிகிச்சைக்காக லாரியில் கொண்டு போகும் வழியிலேயே யானை செத்துப்போனது. 2 பேர் கைதானார்கள்.

அதே மாதம் கேரள மாநிலம் வயநாட்டில் மேப்பாடி அருகே, கூடாரத்தில் தங்க வந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி பலியானார். இங்கே யானை போச்சு, அங்கே மனுஷ உயிர் போச்சு.

யானை ஏன் வருது?

யானை ஊருக்குள் வரவில்லை. அது போகிற பாதையில்தான் நாம் சுவர் எழுப்பியிருக்கிறோம். மேற்கு தொடர்ச்சி மலையையும் கிழக்கு தொடர்ச்சி மலையையும் இணைக்கிற இடம் சீகூர் பீடபூமி. ஒரு பெரிய யானைக்கு தினமும் 150 கிலோ வரை தீனி வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் வயிறு நிறையாது. அதனால் நடந்துகொண்டே இருக்கும். தாத்தா காலத்து வழியை மறக்காது.

இந்த வழித்தடத்தை தமிழக அரசு 2010-ல் அறிவித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கில் 2011-ல் ஐகோர்ட்டு அரசு பக்கம் நின்றது. 2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி 27 ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14-ந்தேதி வழித்தடம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே சொல்லிவிட்டது.

சீல் வைத்ததில் முதலாளிக்கு மட்டும் நஷ்டம் இல்லை. ஜீப் ஓட்டியவர், சமையல் செய்தவர், ரூம் கூட்டிய பெண்கள் என்று பலருக்கும் அன்றாடக் கூலி நின்றது. கட்டும்போதே யோசித்திருந்தால் இவர்கள் தெருவில் நின்றிருக்க மாட்டார்கள்.

அப்போ எப்படித்தான் கட்டுறது?

முதல் வேலை, நிலம் வழித்தடத்தில் இருக்கிறதா என்று சர்வே நம்பரை வைத்துப் பார்ப்பது. இருந்தால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். இல்லாவிட்டாலும் நீலகிரியில் 'மாஸ்டர் பிளான்' கட்டுப்பாடு உண்டு. 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட முடியாது. அனுமதி இல்லாமல் அஸ்திவாரம் தோண்டினால் பிறகு இடிக்கும் செலவும் நம் தலையில்தான்.

மசினகுடி மலைக்குக் கீழே உள்ள வறண்ட பகுதி. ஊட்டி மாதிரி குளிர் கிடையாது. கெட்டியான மண் கல் சுவர், நாட்டு ஓடு, சுற்றிலும் அகலத் திண்ணை இருந்தாலே அறை குளுகுளுவென்று இருக்கும். ஏ.சி. தேவைப்படாது. சிட்டியில் பார்த்ததை காப்பியடித்து சுவர் முழுக்க கண்ணாடி வைப்பது தப்பு. அதில் மரமும் வானமும் தெரிவதால் பறவைகள் நிஜமென்று நம்பிப் பறந்து வந்து முட்டிச் சாகும். காட்டில் மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடியை வெட்டி நாற்காலி, மேஜை செய்யலாம். காட்டுக்கும் நல்லது, உள்ளூர் பழங்குடியினருக்கும் வேலை.

தோட்டத்தில் வாழை, கரும்பு, பலா வைத்தால் யானைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. நீச்சல் குளமும் அப்படித்தான், கோடையில் தண்ணி குடிக்க வந்து நிற்கும். மிச்ச சாப்பாட்டை வெளியே கொட்டினால் கரடியும் காட்டுப்பன்றியும் மோப்பம் பிடித்து வரும். நாய் வளர்த்தால் சிறுத்தை தேடி வரும். மானுக்கு பிஸ்கெட் போடுவதை பாசம் என்று நினைக்கிறார்கள், அது சட்டப்படி குற்றம்.

விளக்கு மஞ்சளாக, தரையைப் பார்த்து இருக்கட்டும். வானத்தைப் பார்க்க வந்தவனுக்கு எதுக்கு போகஸ் லைட்? டி.ஜே. பாட்டு போட்டால் ஒரு மிருகமும் பக்கத்தில் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். சத்தத்தில் மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

வேலி விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. சோலார் வேலியில் பேட்டரியில் இருந்து விட்டு விட்டுத்தான் மின்சாரம் பாயும். தொட்டால் சுரீர் என்று அடிக்கும், யானை பயந்து திரும்பிப் போகும், சாகாது. லைன் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்தால் யானையும் சாகும், வழி தெரியாமல் வந்த மனுஷனும் சாவான். மின்வேலிக்கு அனுமதி, பதிவு எல்லாம் வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் தனி விதிகளே போட்டிருக்கிறது.

விருந்தாளியை 'நைட் சபாரி' கூட்டிப் போகிறேன் என்று ஜீப்பை காட்டுக்குள் விடுவதும் குற்றம்தான். காடு பார்க்க வேண்டும் என்றால் தெப்பக்காட்டில் வனத்துறையே வண்டி விடுகிறது. டிக்கெட் எடுத்து பகலில் போய் வரலாம்.