அக்ரி பிசினஸ் படிக்க ஆசையா? அப்பா பட்டாவை எடுக்கும் முன் இதைப் படிங்க!

பி.எஸ்சி அக்ரி முடிச்சாச்சு. அடுத்து அக்ரி பிசினஸில் எம்.பி.ஏ பண்ணணும்னு வீட்டில் சொல்றீங்க. அம்மா முகத்தில் பாதி சந்தோஷம், பாதி கவலை. அப்பா எதுவும் பேசாமல் பீரோவைத் திறந்து பட்டாவை எடுத்து வைத்து, "இதை வெச்சாவது படிக்க வைக்கிறேன்" என்கிறார்.

அந்தப் பட்டாவை முதலில் உள்ளே வைக்கச் சொல்லுங்க. காரணம் இருக்கு.

வீடு, மனை போன்ற சொத்தை அடமானம் வாங்கிய வங்கி, கடன் திரும்ப வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே அதை ஏலம் விட 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வழி தருகிறது. ஆனால், விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் பல வங்கிகள் கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை அடமானமாக வாங்கத் தயங்குகின்றன. மேனேஜர் கையை விரித்ததும் அப்பா அடுத்துப் போய் நிற்கும் இடம், ஊரில் வட்டிக்கு விடுபவரின் வாசல். படிப்புச் செலவில் நிலம் போன கதைகள் பல, அந்த வாசலில்தான் ஆரம்பிக்கின்றன.

உண்மையில், 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதன் கீழ் கொடுக்கும் கடனுக்கு வங்கி அடமானமும் கேட்கக் கூடாது, மூன்றாவது ஆளின் ஜாமீனும் கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும்.

சரி, அதுக்கு மேலே பணம் தேவைப்பட்டால்?

எங்கே படிக்கப் போறீங்க என்பதைப் பொறுத்தது அது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் மேனேஜ், ஜெய்ப்பூரில் நியாம், அகமதாபாத், லக்னோ ஐ.ஐ.எம்-கள் எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு. கட்டணத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அகமதாபாத் ஐ.ஐ.எம்-மில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடாமல் விடுபவர்கள் நிறைய பேர். ஆனால், குடும்ப வருமானத்தைப் பார்த்து அங்கேயே உதவித்தொகை கொடுக்கிறார்கள். முதலில் சீட் வாங்குங்க, பிறகு பணத்தைப் பேசலாம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'பி.எம் வித்யாலக்ஷ்மி' திட்டம் இங்கேதான் உதவும். ஆரம்பப் பட்டியலில் 860 கல்வி நிறுவனங்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் உள்ள கல்லூரியில் மெரிட்டில் இடம் கிடைத்தால், அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இது கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் 3 சதவிகித வட்டி மானியமும் உண்டு. அதுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கு முன்னுரிமை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி என்றால் ஒரு வருட வட்டி 80,000 ரூபாய். மானியம் கிடைத்தால் அதில் 24,000 குறையும். ஒரு செமஸ்டர் மெஸ் பில்லில் பெரிய பகுதி அதிலேயே அடைந்துவிடும்!

வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. தொழிற்படிப்புக்கு அந்தக் காலகட்டத்தின் முழு வட்டியையும் அரசே ஏற்கும் திட்டம் தனியாக இருக்கிறது. ஆனால், அந்தச் சலுகை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். இளநிலைப் படிப்புக்கே அதை வாங்கியிருந்தால் முதுநிலைக்குக் கிடைக்காது. அண்ணனோ அக்காவோ வாங்கியது கணக்கில் வராது, நீங்க வாங்கினீங்களா என்பதுதான் கேள்வி.

ஐ.டி ரிட்டர்ன் எங்கே?

வங்கியில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் திகைத்து நிற்கும் கேள்வி இது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் அப்பா ரிட்டர்ன் போட்டிருக்கவே மாட்டார். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வட்டி மானியத்துக்கு செல்லுபடியாவது தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்றிதழ்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ, ஆர்.ஐ எனப் படியேறி வரும். அதோடு சிட்டா, அடங்கல், பால் சொசைட்டியிலிருந்தோ கரும்பு ஆலையிலிருந்தோ பணம் வந்த பாஸ்புக் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்க.

இன்னொரு தலைவலி, நம்ம ஊர் இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பான் கார்டில் இரண்டும் இல்லை. ஆன்லைன் விண்ணப்பம் இதனாலேயே திரும்பி வரும். ரிசல்ட் வந்த பிறகு திருத்த ஓடினால் நேரம் போதாது, இப்பவே பாருங்க. 'கேட்' தேர்வு நவம்பர் கடைசியில் நடக்கும், இன்டர்வியூ முடிந்து சீட் உறுதியாக ஏப்ரல், மே ஆகிவிடும். முதல் தவணைக் கட்டணத்துக்குக் கிடைக்கும் அவகாசமோ சில வாரங்கள்தான்.

ஃபிளைட் ஏறும் கனவு இருந்தால்...

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் இல்லை. விதிவிலக்கு பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலம். வேளாண் படிப்புக்குப் பெயர்போன ஹோஹன்ஹைம் அங்கேதான் இருக்கிறது. நம் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. டாட் அமைப்பின் வளரும் நாடுகளுக்கான முதுநிலை உதவித்தொகையில் வேளாண் பொருளாதாரம் சார்ந்த படிப்புகளும் உண்டு. ஆனால், குறைந்தது 2 வருட வேலை அனுபவம் கேட்பார்கள், பட்டம் வாங்கி 6 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ விதைக் கம்பெனியிலோ வேலை பார்த்தவர்களுக்கு ஏற்ற வாய்ப்பு இது. விண்ணப்பம் போவது டாட்-டுக்கு இல்லை, நேராகப் பல்கலைக்கழகத்துக்கு. அதுவும் படிப்பு தொடங்க சுமார் ஒரு வருடம் இருக்கும்போதே.

நம் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்கள் அவர்களுக்குத்தான். ஆனால், சீர்மரபினருக்கும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கும், பாரம்பர்யக் கைவினைஞர்களுக்கும் அதில் இடம் உண்டு. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், முந்தைய பட்டத்தில் 60 சதவிகித மதிப்பெண் வேண்டும், குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பட்டாவே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

எந்த உதவித்தொகையாக இருந்தாலும் 'ஏன் இந்தப் படிப்பு?' என்று ஒரு கடிதம் கேட்பார்கள். "விவசாயி நாட்டின் முதுகெலும்பு" என்று ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ். படிக்கிறவர் அதே வரியை அன்றைக்கே நூறு தடவை பார்த்திருப்பார். உங்க வீட்டுத் தக்காளியை எழுதுங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எத்தனை பெட்டி போச்சு, பறிப்புக் கூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கமிஷன் போக அப்பா கைக்கு எவ்வளவு வந்தது, அதே நாளில் சென்னையில் கிலோ என்ன விலைக்கு வித்தது? இந்த இடைவெளியில் எந்த இடத்தைச் சரிசெய்ய நீங்க படிக்கப் போறீங்க என்பதுதான் அவர்களுக்குத் தெரியணும்.

கணக்கு மறந்துபோச்சா? அப்பா மார்க்கெட் சீட்டுகளை எங்கேயாவது கம்பியில் குத்தி வைத்திருப்பார், கேட்டுப் பாருங்க.