வியாபாரக் கடிதத்தின் மரியாதை

1817-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 2-ஆம் தேதி, இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரிலிருந்த கம்பளி வியாபாரிகள், தங்களிடமுள்ள ஆட்டு ரோமத்தை இன்ன விலைக்குத் தரச் சித்தமாயிருப்பதாகவும், சம்மதமானால் மறு தபாலில் பதில் எழுதும்படியும், வூஸ்டர்ஷயர் ஜில்லா ப்ரோம்ஸ்குரோவ் என்ற ஊரில் கம்பளித் துணி நெய்விக்கும் ஒரு ஸ்தாபனத்தாருக்குக் கடிதம் எழுதினார்கள். மேல்விலாசத்தில் மட்டும் ஒரு பிசகு நேர்ந்தது; வூஸ்டர்ஷயர் என்று எழுதவேண்டிய இடத்தில் லெஸ்டர்ஷயர் என்று எழுதிவிட்டார்கள். கடிதம் ஊர் சுற்றிவிட்டு 5-ஆம் தேதி மாலையில்தான் உரியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அன்றிரவே சம்மதம் எழுதித் தபாலில் சேர்த்தார்கள். ஆனால் 7-ஆம் தேதிக்குள் பதில் வந்திருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்த வியாபாரிகள், அது வராமற்போகவே மறுநாள் சரக்கை வேறொருவருக்கு விற்றுவிட, 9-ஆம் தேதி சம்மதக் கடிதம் சாவகாசமாக வந்து நின்றது. விவகாரம் நீதிமன்றம் ஏறிற்று. சம்மதக் கடிதம் தபாலில் சேர்ந்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றும், தாமதம் விலாசத்தைப் பிசகாக எழுதியவர்களால் வந்ததாகையால் நஷ்டமும் அவர்களையே சேரும் என்றும் 1818-இல் தீர்ப்பாயிற்று. ஆடம்ஸ் – லிண்ட்செல் வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படித்துவருவது இதைத்தான். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவும் இதே நியாயத்தை அனுசரித்து, சம்மதக் கடிதம் தபாலில் சேர்ந்ததும் விற்பதாகச் சொன்னவரை அது கட்டுப்படுத்திவிடும் என்றே சொல்லுகிறது.

வியாபாரக் கடிதத்தில் மரியாதை என்றால் நம்மில் பலருக்கும் தோன்றுவது, ஆரம்பத்தில் ஒரு கும்பிடும் முடிவில் ஒரு கும்பிடும், நடுவே பணிவான வினைச்சொற்கள் சிலவும் என்பதுதான். அவையும் வேண்டியவையே என்றாலும், மரியாதை அங்கே தொடங்குவதில்லை. அது விலாசத்தில் தொடங்குகிறது. ஏனெனில் எதிரே இல்லாத ஒருவருக்கு, அவர் முகக்குறிப்பைப் பார்த்து வார்த்தையை மாற்றிக்கொள்ளும் வசதியில்லாமல், அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டு பேசுகிற காரியம் இது. அதுவுமன்றி, ஒரு வியாபாரக் கடிதத்தை அதற்குரியவர் மாத்திரம் படிப்பதில்லை. முதலில் அவருடைய குமாஸ்தா படிக்கிறார். சில வருஷம் சென்று, இரு தரப்பாரையும் இன்னாரென்றே அறியாத ஒரு தணிக்கையாளரோ, வக்கீலோ, கடையை வாரிசாகப் பெற்ற மகனோ அதைப் பிரித்துப் படிக்கிறார். இவர்களில் எவரையும் தேடவும் திகைக்கவும் விடாமல் எழுதுவதே இந்த மரியாதையின் சாரம் என்பது என் அபிப்பிராயம். மற்றச் சம்பிரதாயங்களெல்லாம் அதிலிருந்து கிளைத்தவையே.

விலாசத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சேலத்திலும் அம்மாபேட்டை உண்டு, ஈரோடு மாவட்டத்திலும் உண்டு, தஞ்சாவூர்ப் பக்கத்திலும் உண்டு. இத்தகைய குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி பின்கோடு அமலுக்கு வந்தது. அதன் ஆறு இலக்கங்களில் கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபாலாபீஸைக் குறிப்பவை. அதை எழுதாமல் விடுகிறவர், தம் வேலையில் ஒரு பங்கைத் தபால்காரர் தலையில் ஏற்றுகிறவராகிறார். விலாசத்தைவிட அதிகமாக உதாசீனம் செய்யப்படுவது தேதி. தேதியில்லாத கடிதத்துக்கும் மொட்டைக் கடுதாசிக்கும் அதிக தூரமில்லை. விற்ற சரக்கின் பணத்துக்குச் சாதாரணமாக மூன்று வருஷம்தான் காலவரம்பு. அந்த மூன்று வருஷத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்வி எழும்போது, இரு தரப்பாரும் முதலில் தேடுவது கடிதத்தின் தலைப்பிலுள்ள தேதியைத்தான்.

அந்தக் காலத்துத் தமிழ் வியாபாரிகள் கடிதம் எழுதிய முறையே தனி. உச்சியில் பிள்ளையார் சுழி. பிறகு ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று தொடங்கி ‘அவர்கள் சமுகத்திற்கு’ என்று முடியும் விளிப்பு. ‘உபயகுசலோபரி’ என்று இரு வீட்டு க்ஷேமத்தையும் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டு, ‘இப்பவும்’ என்று ஆரம்பித்தால் விஷயம் வந்துவிட்டது என்று அர்த்தம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்களுக்கும், ஊரிலிருந்த அவர்கள் முதலாளிகளுக்கும் இடையே கடல் தாண்டிப் போய்வந்த எத்தனையோ லட்ச ரூபாய் நடவடிக்கைகள் கடிதத்தை நம்பியே நடந்தன. இன்று படிக்கிறவர்களுக்கு இந்த முகமன்கள் நீளமாகத் தோன்றலாம். ஆனால் அவை எப்போதும் ஒரே இடத்தில் ஒரே விதமாக இருந்தபடியால், படிக்கிறவருடைய கண் அவற்றைத் தாண்டி ‘இப்பவும்’ என்ற இடத்துக்கு நேரே போய்விடும். இக்காலத்தில் அந்த உத்தியோகத்தை ‘பொருள்’ என்ற ஒரு வரி பார்க்கிறது. முன் கடிதங்களின் தேதியையும் எண்ணையும் சொல்லுவதற்கு அதன் கீழே ‘பார்வை’ என்று இன்னொரு வரி. 1956-ஆம் வருஷம் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றப்பட்ட பிறகு, சர்க்கார் காகிதங்களில் நிலைபெற்ற அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற அமைப்பு, வியாபாரிகளும் கூசாமல் எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல அமைப்பு. பொருள் வரியில் ‘பணம் சம்பந்தமாக’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், இன்ன தேதி இன்ன நம்பர் பில் பாக்கி என்று எழுதிவிட்டால், கடிதத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

விளிப்பில் நம் பாஷைக்கே உரிய சில சங்கடங்கள் உண்டு. பெறுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ‘ஐயா’ என்று மட்டும் எழுதிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ‘ஐயா / அம்மையீர்’ என்று எழுதுவதற்கு அரைச் சொட்டு மை அதிகம் செலவாகுமே தவிர வேறொரு நஷ்டமுமில்லை. பெயருக்கு முன்னால் வரும் தலையெழுத்தைத் தவறாக எழுதினால், பலர் அதைப் பெயரையே தவறாக எழுதியதற்குச் சமானமாகக் கொள்ளுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் அது அவருடைய தகப்பனார் பெயர். முதல் வாக்கியத்தில் ‘தாங்கள்’ என்று தொடங்கி, கோபம் ஏற ஏற ‘நீங்கள்’ என்றும், கடைசியில் ‘நீர்’ என்றும் படியிறங்கி வருகிற கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் ஒரு வசைச்சொல்லும் எழுதவில்லை; ஆனாலும் பெற்றவர் தாம் வையப்பட்டதாகவே கருதினார். எந்த மரியாதைச் சொல்லில் தொடங்குகிறோமோ அதிலேயே கடைசிவரை நிற்கவேண்டும். கையொப்பத்துக்குக் கீழே தம் பெயருக்கு முன்னால் தாமே ‘திரு’ போட்டுக்கொள்ளுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே உசிதம்.

ஆனால் ஒரு வியாபாரியின் கடித மரியாதைக்கு உண்மையான பரீக்ஷை வருவது பாக்கி கேட்டு எழுதும்போதுதான். சரக்கு அனுப்பும் கடிதத்தில் எவரும் பண்போடு இருக்கலாம். ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றிலிருந்து மதுரை மளிகைக் கடை ஒன்றுக்குப் பாக்கி கேட்டு எழுதுவதாக வைத்துக்கொள்ளுவோம். சாதாரணமாக எழுதப்படும் கடிதம் இப்படியிருக்கும்:

‘ஐயா, பல தடவை கேட்டும் தாங்கள் பணம் அனுப்பாதது எங்களுக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. இப்படியே போனால் மேல் நடவடிக்கை எடுக்க நேரிடும். உடனே பணம் அனுப்பவும்.’

இதில் கோபம் இருக்கிறது, பயமுறுத்தல் இருக்கிறது, வருத்தங்கூட இருக்கிறது. எவ்வளவு பணம் என்பது மட்டும் இல்லை. எந்தப் பில், எந்தத் தேதி, முன்னால் கொடுத்த தொகை வரவு வைக்கப்பட்டதா என்பதொன்றும் இல்லை. மனமுவந்து இன்றைக்கே கட்டிவிடலாம் என்று நினைக்கிறவரும் பேரேட்டை எடுத்துப் புரட்டவேண்டும். பேரேட்டைப் புரட்ட எடுத்தவருக்கு வேறு ஜோலி வந்துவிடும். இதையே இப்படியும் எழுதலாம்:

‘ஐயா, ஜூன் 12-ஆம் தேதி, 418-ஆம் நம்பர் பில்லின்படி தங்களுக்கு அனுப்பிய பத்து மூட்டை விரலி மஞ்சளுக்கு உரிய தொகை ரூ. 86,400. இதில் ஜூலை 3-ஆம் தேதி தாங்கள் அனுப்பிய ரூ. 40,000 வரவு வைக்கப்பட்டிருக்கிறது. மீதி ரூ. 46,400, நாம் பேசிக்கொண்ட முப்பது நாள் தவணைப்படி ஜூலை 12-ஆம் தேதி வரவேண்டியது; இன்றுவரை எங்கள் பேரேட்டில் வரவாகவில்லை. இதற்குள் தாங்கள் அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதியையும் பாங்கு விவரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறோம். இல்லையேல், ஆகஸ்டு 5-ஆம் தேதிக்குள் சேரும்படி செய்யக் கேட்டுக்கொள்ளுகிறோம். சரக்கில் குறை ஏதேனும் கண்டு நிறுத்தி வைத்திருப்பின் அதையும் எழுதவும்.’

இந்த இரண்டாவது கடிதத்தில் பணிவான அடைமொழி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஆயினும் முதல் கடிதத்தைவிட இதுவே மரியாதையானது. கொடுத்த நாற்பதாயிரத்தை ஒப்புக்கொண்ட பிறகே கொடாததைக் கேட்கிறது. அனுப்பியிருக்கக்கூடும் என்று எதிராளிக்குக் கௌரவமாக விலகிக்கொள்ள ஒரு வழி விடுகிறது. ‘உடனே’ என்ற அளவில்லாத வார்த்தையை விட்டு, ஒரு தேதியைச் சொல்லுகிறது. கடைசி வாக்கியத்தில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. குறை இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டும் எழுதாதவர், ஆறு மாதம் கழித்து மஞ்சளில் பூச்சி இருந்தது என்று சொல்ல முன்வந்தால், அந்தச் சாக்கு அவ்வளவாக எடுபடாது. சாந்தமாக எழுதுகிறவன் இளைத்தவன் என்று எண்ணுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

பாக்கி விவரத்தைத் தபால் கார்டில் எழுதுவது ஆகாது. தபால்காரர் முதல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் ஒருவருடைய கடனைப் பரப்புவது கேட்பதாகாது, மானத்தை வாங்குவதாகும். கார்டுக்கு இன்று மவுசு போய்விட்டது. ஆனால் வியாபாரிகள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெயரைச் சொல்லிப் பாக்கி கேட்கிறவர் அதே காரியத்தைத்தான் செய்கிறார்.

பதில் எழுதுகிறவருக்கும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். ‘தங்கள் பாக்கி ஞாபகம் இருக்கிறது, அறுவடை முடிந்ததும் அனுப்புகிறேன்’ என்று தாக்ஷண்யத்துக்காக எழுதும் ஒரு வரி, காலவரம்பு முடிவதற்கு முன் கையொப்பத்தோடு எழுதப்பட்டிருக்குமானால், 1963-ஆம் வருஷத்து வரையறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, கெடுவைப் புதிதாக மறுபடி தொடங்கிவைத்துவிடும். நியாயமான கடனுக்கு அப்படி எழுதுவது யோக்கியமே. தகராறுள்ள கடனுக்கு உபசாரமாக எழுதினால் அந்த உபசாரம் விலை உயர்ந்ததாக முடியும். செக் திரும்பிவந்த விவகாரமோ முற்றிலும் வேறு. பாங்கிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும், அது கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் கட்டப்படாவிட்டால்தான் வழக்குத் தொடரலாம் என்று சட்டமே நாள் குறித்திருப்பதால், அங்கே க்ஷேமம் விசாரித்துக்கொண்டிருக்க இடமில்லை. வக்கீலிடம் போய்விடுவதே நலம். அத்தகைய நோட்டீஸ்களைச் சுமந்துவந்த ரிஜிஸ்டர் தபாலும் 2025-ஆம் வருஷம் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

மின்னஞ்சலுக்கு மரியாதை வேறு என்று ஒரு பிரமை இருக்கிறது. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கு எழுத்தின் அந்தஸ்தைக் கொடுத்த பிறகு, அதுவும் கடிதந்தான். இங்கே புதிதாக முளைத்த அபசாரம் ஒன்றே ஒன்று: நகல். எழுத்தரிடம் கேட்கவேண்டிய சின்ன விவரத்தைக் கேட்டுவிட்டு, அதன் நகலை அவருடைய மானேஜருக்கும் மானேஜருக்கு மேலுள்ளவருக்கும் அனுப்புவது, கேள்வியைப் புகாராக மாற்றிவிடுகிறது. காகிதக் கடிதத்தின் அடியில் ‘நகல்’ என்று எழுதி யார் யாருக்குப் போகிறது என்று வெளிப்படையாகக் காட்டியபோது, ஒவ்வொரு நகலுக்கும் ஒரு காகிதமும் தபால் செலவும் ஆனதால், எழுதுகிறவர் சற்று யோசித்தார்; இப்போது செலவில்லை, யோசனையுமில்லை. பெறுகிறவருக்குத் தெரியாமல் மறைத்து அனுப்பும் நகலை நான் எந்தச் சந்தர்ப்பத்திலும் நியாயப்படுத்தமாட்டேன்.

நமக்காக வைத்துக்கொள்ளும் நகல் என்பது வேறு. நீராவி இயந்திரத்தால் பேர் பெற்ற ஜேம்ஸ் வாட், தாம் எழுதும் கடிதங்களுக்குக் கையால் பிரதி எடுக்கும் தொல்லையிலிருந்து விடுபட ஓர் உபாயம் கண்டு 1780-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தனி மையால் எழுதிய கடிதத்தின்மேல் நனைத்த மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், எழுத்து அந்தத் தாளிலும் ஏறிவிடும். வியாபார ஆபீஸ்களில் அந்த அழுத்து யந்திரம் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. பிறகு கார்பன் தாள் வந்தது. இப்போது பிரதி தானாகவே கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது. ஆனால் கையொப்பமிட்டு, இணைப்புகளை எண்ணிச் சேர்த்து, உறையிலிட்டு அனுப்பிய கடிதத்தின் பிரதி அதுவன்று. கையொப்பமான பிறகு ஒரு பிரதி எடுத்து, அதன் ஓரத்தில் அனுப்பிய தேதியையும் தபால் ரசீது எண்ணையும் குறித்து, ரசீதை அதிலேயே குத்தி, பதில் வரும்போது பதிலையும் அதன்மேலேயே சேர்த்து வைக்கவேண்டும்.