மலைமிளகும் பன்னீர் திராட்சையும்: மொறுமொறுப்பான கோழிக் குச்சிகள்

தேனி மாவட்டத்தின் கம்பத்திலிருந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, கம்பம்மெட்டில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைத் தொடுகிறது. மேலே ஏலமும் மிளகும் விளையும் உடும்பன்சோலைத் தோட்டங்கள். கீழே முல்லைப்பெரியாற்று நீரில் செழிக்கும் திராட்சைப் பந்தல்கள். பள்ளத்தாக்கின் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று திரும்பும் வழியும் இதுவே. இரு பகுதிகளின் விளைச்சலையும் ஒரே தட்டில் சேர்க்கும் கோடை உணவொன்றை இங்கே தருகிறோம்.

கம்பம் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் இங்கு அறுவடையாவது இதன் சிறப்பு. ஏலத்தையும் மிளகையும் உலர்த்தி, நல்ல விலை வரும்வரை இருப்பு வைக்கலாம். மெல்லிய தோலுடைய திராட்சைக்கு அவ்வாய்ப்பு இல்லை. விலை சரிந்தாலும் பறித்த பழத்தை உடனே விற்றாக வேண்டும். ஆகவே, வரத்து மிகும் நாள்களில் வாங்கி உண்ணும் வீடுகள் விவசாயிக்குப் பெருந்துணை.

கோழிக் குச்சிகள் (நால்வருக்கு)

எலும்பு நீக்கிய கோழிக்கறி அரை கிலோ, நீர் வடித்த கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, ஏலப்பொடி கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள் சிறிதளவு, உப்பு 1 தேக்கரண்டி, ரொட்டித்தூள் 100 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி.

கறியை ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, ஈரத்தை ஒற்றியெடுங்கள். தயிரையும் மசாலாப் பொருள்களையும் பிசறி, குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்தால் அவை கருகா.

மொறுமொறுப்புக்கு ஈரமே பகை. எனவே, ரொட்டித்தூளை எண்ணெயில் பிசறி, வாணலியில் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள். குச்சியில் கோத்த துண்டுகளை அதில் புரட்டி, தட்டின்மேல் வைத்த கம்பி வலையில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். அடியிலும் சூடான காற்று படுவதால் அடிப்பக்கம் நமுத்துப்போகாது. 220 பாகை செல்சியசுக்கு முன்பே சூடாக்கிய ஓவனில் 18 முதல் 20 நிமிடங்கள் வேகவிட்டு, பாதி நேரத்தில் ஒருமுறை திருப்புங்கள். துண்டின் நடுப்பகுதி 74 பாகையை எட்டியிருக்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியலாகாது. பச்சைக் கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் நன்கு கழுவாமல் பழத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கோடைப் பழக்கலவை

விதை நீக்கிய பன்னீர் திராட்சை 1 கோப்பை, அன்னாசித் துண்டுகள் 1 கோப்பை, வெள்ளரிக்காய் 1, மெல்லியதாய் அரிந்த சின்ன வெங்காயம் 5, புதினா ஒரு கைப்பிடி, வறுத்த நிலக்கடலை 2 மேசைக்கரண்டி. அரை எலுமிச்சையின் சாற்றையும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளையும் சேர்த்துக் கலந்து குளிரவையுங்கள். உப்பு பழத்திலிருந்து நீரை இழுக்கும் என்பதால், அதையும் கடலையையும் பரிமாறும்போது மட்டும் சேருங்கள்.

அன்னாசிச் சாற்றைக் கறியில் ஊற்றி ஊறவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பச்சை அன்னாசியிலுள்ள நொதி புரதத்தைச் சிதைப்பதால், நெடுநேரம் ஊறிய கறி குழைந்துவிடும். எனவே, அன்னாசி பழக்கலவையில் மட்டும் இருக்கட்டும்.

திராட்சை வாங்கும்போது காம்பு பசுமையாகவும் பழம் உதிராமலும் உள்ள கொத்தைத் தேர்ந்தெடுங்கள். மீந்த பழத்தைக் கழுவாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உண்ணும் வேளையில் கழுவிக்கொள்ளுங்கள். ஓரிரு நாள்களில் தீர்த்துவிடுவது நன்று.